வானத்தைப் பார்த்து ஆற்றுக்குச் சொன்ன பதில்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

முறையான பள்ளிப் படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதற்குப் பின் கற்றவை யாவும் நூலகத்திலும் பழைய செய்தித்தாள்களிலும் நானாகத் தேடிக்கொண்டவை. ஆகவே இந்த எழுத்தில் குறை காணின் பொறுத்தருள்க. நான் சொல்லவிருக்கும் செய்தியில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதன்று.

மரக்காணத்து உப்பளம் ஒன்றில் நான் மேஸ்திரியாக இருந்தேன். என் ஒரே மகள் கணினி வேலைக்காக அமெரிக்கா சென்று ஓராண்டு நிறைந்திருந்தது. சுனாமி வந்துபோன அடுத்த கோடையில், மே மாதத்தில், அவள் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னாள். அலுவலக நண்பர்களோடு மலையாறு ஒன்றில் ரப்பர் படகு விடப் போகிறாளாம். பாறைகளுக்கிடையே வெள்ளம் இழுத்துச் செல்ல, துடுப்புப் போட்டுக்கொண்டே இறங்குவதாம். அதை அந்நாட்டில் விளையாட்டு என்கிறார்கள்.

சுனாமியன்று முகத்துவாரத்தின் வழியாக ஏறிய தண்ணீர் எங்கள் பாத்திகளை ஒரு நொடியில் மூடியதை வரப்பின்மேல் நின்று பார்த்தவன் நான். ஓடித் தப்பினேன். அன்றிலிருந்து தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்தாலே என் கண் மேட்டைத் தேடும். ஆகவே வேண்டாம் என்றேன்.

"அப்பா, நான் கழுவெளி ஏரியில நீச்சல் கத்தவ. எனக்கா பயம்?" என்று சிரித்தாள். "சரி, ஒண்ணு பண்ணுங்க. அந்த ஆத்து பேர மெயில்ல அனுப்புறேன். சனிக்கிழமை எப்படி இருக்கும், தண்ணி சில்லுனு இருக்குமான்னு நீங்களே கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லுங்க. நீங்க வேணாம்னா நான் போவல."

முடிவை என் கையில் கொடுத்துவிட்டாள். அதுவே பின்னால் என்னை வாட்டியது.

பேருந்து நிலையத்துக்கு எதிரில், பக்கத்துக் கூனிமேட்டிலிருந்து வந்து கடை நடத்திய பாய் ஒருவர் இருந்தார். ஒரு தொலைபேசிக் கூண்டு, இரண்டு கணினிகள், வாசலில் கலர் பாட்டில் குளிர வைக்கும் ஐஸ் பெட்டி, இவ்வளவுதான் கடை. புதன்கிழமை அவர் கடையில் மகளின் மெயிலைத் திறந்து ஆற்றின் பெயரைக் காட்டினேன். அந்தப் பகுதியின் வானிலையை எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமைக்கு நேராக முழுச் சூரியன் வரைந்திருந்தது. இருபத்தேழு டிகிரி வெப்பம். மேகமில்லை, காற்று குறைவு.

இவ்விடத்தில் என் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உப்புப் பாத்தியில் தண்ணீர் கணுக்காலளவுக்கு மேல் நிற்பதில்லை. வானம் எப்படியோ தண்ணீரும் அப்படியே. வெயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தண்ணீரும் கொதிப்பேறிவிடும். பத்து மணிக்குமேல் பாத்தியில் கால் வைக்க இயலாது என்பதால்தான் விடியும் முன்பே நாங்கள் உப்பு வார இறங்குகிறோம். தண்ணீரை அறிய வானத்தைப் பார்த்தால் போதும் என்பது முப்பது ஆண்டுகளாக என் உடம்பில் ஊறிய பழக்கம். அந்தப் பழக்கத்தை அப்படியே கடல் கடந்து கொண்டுபோனேன். மகளை அழைத்து, "நல்ல வெயில் அம்மா. பத்து மணிக்கெல்லாம் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். ஜாக்கிரதையா போய் வா" என்றேன்.

சனிக்கிழமை காலை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள்: "இன்னாங்க, அந்த ஆத்த பாத்தேன்னீங்களே. ஆத்த பாத்தீங்களா, வெயில பாத்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றேன்.

"ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு பேரு வச்சிருக்காங்க?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கஞ்சியைப் பாதியில் வைத்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றேன். பாய் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க பெரியவரே, இன்னிக்கும் அமெரிக்கா வெயில்தானா? நம்ம ஊர்ல காயிறது பத்தலயா உங்களுக்கு?"

"வெயில் வேணாம் பாய். ஆறு வேணும். ஆத்துத் தண்ணி எவ்ளோ சூடுன்னு எங்கயாச்சும் போட்டிருக்குமா?"

அவருக்கும் அது புதிது. ஆற்றின் பெயரோடு தண்ணீர், வெப்பம் என்ற ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துத் தேடினார். மீன் பிடிப்பவர்களின் பக்கங்கள் வந்தன. படகு வாடகைக் கடைகள் வந்தன. அரைமணி நேரத்துக்குப் பின் அந்நாட்டு அரசு அலுவலகம் ஒன்றின் பக்கம் திறந்தது. ஆற்றினுள் கருவி வைத்து, அது சொல்வதை மணிக்கு மணி ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். தண்ணீரின் உயரத்துக்கு ஒரு கோடு, ஓட்டத்துக்கு ஒரு கோடு, கீழே வெப்பத்துக்கு ஒரு கோடு.

"எட்டுன்னு போட்டிருக்குது பெரியவரே."

"அது காத்தா இருக்கும்."

"இல்லீங்க. தண்ணின்னு தெளிவா போட்டிருக்குது. இதோ பாருங்க, ஒரு வாரமாவே எட்டு, ஒம்பதுதான்." இன்னும் சற்றுக் கீழே படித்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மலையில பனி உருகி வர்ற தண்ணியாம். ஜூன் வரைக்கும் இப்படித்தான் இருக்குமாம்."

எட்டு டிகிரி என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் எந்தத் தண்ணீரும் அந்த நிலைக்கு வந்ததில்லை. உப்புநீரைச் சோதிப்பதற்காக என் பையில் எப்போதும் கண்ணாடி வெப்பமானி ஒன்று இருக்கும். வாசலுக்கு வந்து, ஐஸ் பெட்டியில் உருகி நின்ற தண்ணீரில் அதை விட்டேன். ஐந்து காட்டியது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, எட்டுக்குக் கொண்டுவந்தேன். முழங்கை வரை கையை உள்ளே விட்டேன்.

"இன்னா பண்றீங்க?"

"கடிகாரத்த பாருங்க பாய். நிமிஷம் சொல்லுங்க."

முதல் நிமிடத்தில் வலித்தது. இரண்டாம் நிமிடத்தில் எலும்பை யாரோ முறுக்குவது போலிருந்தது. நான்காம் நிமிடத்தில் வலி நின்றுவிட்டது. அதுதான் என்னை அச்சுறுத்தியது. ஐந்தாம் நிமிடத்தில் கையை எடுத்து, சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியைத் திறக்க முயன்றேன். விரல்கள் மடங்கவில்லை. அவை என்னுடையவை என்றே தோன்றவில்லை. பேனா கீழே விழுந்து உருண்டது. பாய் அதை எடுத்து என் பையில் செருகினார்.

நீச்சல் தெரிந்தவள் என்று நான் நம்பியிருந்தேன். கை மடங்காதவளுக்கு நீச்சல் எதற்கு உதவும்?

உடனே கூண்டினுள் சென்று அவள் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்தது, பின் அவள் குரலிலேயே, செய்தி சொல்லும்படி இயந்திரம் பேசியது. மறுபடி அழைத்தேன். அதே குரல். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை இரவு. முதல் நாள் மாலையே மலைக்குச் சென்று, ஆற்றங்கரையில் கூடாரமிட்டுத் தங்குவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே தொலைபேசி எடுக்காது என்றும் சொல்லியிருந்தாள்.

"மெயில் போடுவோம். சொல்லுங்க, அடிக்கிறேன்" என்றார் பாய்.

"அன்பிற்குரிய மகளுக்கு, இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் உன் நலமறிய..."

"பெரியவரே! நலத்த அப்புறம் விசாரிக்கலாம். 'போவாத, தண்ணி ஐஸு'ன்னு போடுறேன். போதும்ல?"

போதும் என்றேன். கடிதத்தை ஒழுங்காக எழுத வேண்டும் என்ற என் பிடிவாதம் அந்த வேளையிலும் விடவில்லை என்பதை எண்ணினால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அங்கே காலை ஒன்பது மணிக்குப் படகு இறங்கும்; நமக்கு அது மாலை ஆறரை. அதுவரை ஒன்பது முறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் உற்சாகமான அதே குரல், அதே சொற்கள். ஆறரை மணிக்கு வீட்டில் நானும் மனைவியும் தொலைபேசியின் எதிரில் அமர்ந்திருந்தோம். அவள் என்னைக் குறை கூறவில்லை. "எட்டுன்னா செத்துடுவாங்களா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். பாய் எனக்குப் படித்துக் காட்டிய இன்னொரு பக்கத்தில் ஆம் என்றுதான் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"அப்பா." குரல் கரகரத்திருந்தது. "இருக்கேன்பா. நல்லாத்தான் இருக்கேன். மெசேஜ் எல்லாம் இப்பத்தான் பாத்தேன்."

"ஆத்துல இறங்கினியா?"

"இறங்கினேன். படகு கவுந்துடுச்சு."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தே சுவரில் சாய்ந்துவிட்டாள். மகள் மெதுவாகச் சொன்னாள். ஆற்றங்கரைக் கடையில் குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு வாடகைக்குக் கொடுத்தார்களாம். மற்றவர்கள் எல்லோரும் அணிந்துகொண்டார்கள். இவள் மிதவைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

"நீ மட்டும் ஏம்மா போடல?"

"நீங்கதான் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்னு சொன்னீங்களேப்பா. இறங்கி கால் வச்சப்பவே சில்லுனு இருந்துச்சு. வெயில் ஏறினா சரியாயிடும், எங்கப்பாவுக்கு தெரியாத தண்ணியான்னு அவங்ககிட்ட பெருமையா வேற சொன்னேன்."

"அப்புறம்?" என்றேன்.

"கயிறு போட்டாங்க. கையில வந்து பட்டுச்சுப்பா. புடிக்கத்தான் முடியல. வெரல் மடங்கவே இல்ல. இன்னொருத்தர் எட்டி என் சட்டை காலர புடிச்சு இழுத்தாரு."

கயிறு கையில் பட்டும் பிடிக்க இயலாத அந்த விரல்களை நான் அறிவேன். அவள் அறியாமலேயே அதை முந்தைய நாள் என் கையில் நான் அனுபவித்திருந்தேன். ஆயினும் அவளுக்குச் சொல்லவில்லை. "தப்பு என்னுதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

"விடுங்கப்பா. உங்க பாத்தில முழங்காலே நனையாது. இது வேற தண்ணி" என்று சிரிக்க முயன்று இருமினாள். பிறகு தாயிடம் பேசினாள்.

அடுத்த ஆண்டு, பனி உருகி முடிந்த ஆகஸ்டில், அவள் மீண்டும் ஆற்றுக்குச் சென்றாள். வயது வந்த மகளை நான் தடுக்க இயலுமா? வாரம் முழுவதும் பாயின் கடைக்குச் சென்று, வானிலையை ஒதுக்கி, ஆற்றின் கோட்டை மட்டுமே பார்த்தேன். பதினெட்டு டிகிரி. உடுப்பு அணிந்துதான் இறங்கினாள். நலமாகத் திரும்பினாள். இருந்தும், அவள் கரையேறிவிட்டேன் என்று சொல்லும்வரை நான் தொலைபேசியை விட்டு நகரவில்லை.

இப்பகுதியில் எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் குளிர் நாடுகளுக்குச் செல்கிறார்கள். பெற்றவர்கள் நம் வெயிலையும் நம் தண்ணீரையும் மனத்தில் வைத்து அவர்களுக்குப் புத்தி சொல்கிறோம். வெயில் எவ்வளவு என்று ஒரு பக்கம் காட்டும். தண்ணீர் எவ்வளவு என்று வேறொரு பக்கம் காட்டும். இரண்டாவதைத் தேடுவதற்குச் சற்றுச் சிரமப்பட வேண்டும். நான் அந்தச் சிரமத்தை மூன்று நாள் தாமதமாகப் பட்டேன்.

ஐயா, அம்மையீர், இந்தத் தாள்களைத் தயவுசெய்து எறிந்துவிடாமல், பிள்ளையைக் குளிர் நாட்டுக்கு அனுப்பும் யாரேனும் கேட்டால் காட்டுவதற்கு வைத்திருங்கள்.