பதில் எழுத ஆளில்லாத நாடு

கிளென் வேவர்லி போகும் புறநகர் ரயிலில் என் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அன்ரி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஐரோப்பிய நாடுகளில் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று ஆண்டுதோறும் மதிப்பிடும் ஆய்வுக்குழுவில் வேலை என்றார். ஒவ்வொரு நாட்டின் பெயரையும் வாய்க்குள் முணுமுணுத்த பிறகுதான் லேப்டாப்பில் அதன் பக்கத்தைத் திறந்தார்.

“எங்கயாவது ஆபத்து குறைஞ்சிருக்கா அன்ரி?”

“நான் சேர்ந்த பிறகு இல்லை, தம்பி.” வெறுமையாக இருந்த ஒரு கட்டத்தைக் காட்டினார். “இந்த நாட்டு நிருபர் ஒருத்தர் வருஷாவருஷம் எங்கட கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். அவர் வேலை செய்த பேப்பரை மந்திரியின்ர சிநேகிதர் வாங்கி மூடிப்போட்டார். இப்ப அவர் எழுதிறேல்லை. வேற ஆக்களைக் கேட்டன், பயப்படினம்.”

“அப்ப என்ன போடுவீங்க?”

“‘தகவல் இல்லை’ எண்டுதான். வாசிக்கிறவை அங்க பிரச்சினை இல்லை எண்டு நினைப்பினம்.”

அப்படியே தட்டச்சு செய்தார். பிறகு அடுத்த நாட்டின் பெயரை வாய்க்குள் முணுமுணுத்தார்.