பால் படாத கேக்கும் பத்திரிகை நட்சத்திரமும்

பழைய காகிதத்தில் நட்சத்திரம் ஒட்டுவதும், பாலும் நெய்யும் முட்டையும் இல்லாமல் பலகாரம் செய்வதும் ரொம்பச் சாதுவான தொழில் என்று நினைக்கிறவர்கள், ஒரே ஒரு டிசம்பர் மாதம் கம்பத்துக்கு வந்து என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று பார்க்க வேண்டும். போன் மணி அடித்தாலே எனக்குப் பயம். அனுப்பின சாமான் போய்ச் சேருகிறவரை சோறு இறங்காது. சேர்ந்துவிட்டது என்று தெரிந்தாலோ, அவர்கள் என்ன சொல்லப்போகிறார்களோ என்று அதற்கு மேல் இறங்காது. வீட்டிலிருந்தே செய்து விற்கிற சகோதரிகளே, உங்களுக்கும் அப்படித்தானே? தயவுசெய்து ஆமாம் என்று சொல்லுங்கள், நான் ஒருத்தி மட்டும்தான் இப்படி என்றால் இன்னும் பயமாக இருக்கும்.

எனக்குத் துணையாக முருகேஸ்வரி அக்கா இருக்கிறார். பக்கத்துத் தெரு, வயதில் மூத்தவர், பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிறவர். அவருடைய பங்குப் பயத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டிருக்கிறேன்.

நட்சத்திரத்துக்குள் ஒரு பெரியவர்

எங்கள் நட்சத்திரமெல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகையில் செய்கிறவை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தாலும் பத்திரிகையை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். சாமி படம் இருக்கும், மூலையில் மஞ்சள் தடவியிருக்கும், எப்படிப் போடுவது என்று பீரோ மேலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். முருகேஸ்வரி அக்கா சாக்கைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனால், "அப்பாடா, ஒரு வழியாக் கெடைச்சுச்சு" என்று சந்தோஷமாக அள்ளிக் கொடுப்பார்கள். நல்ல கெட்டி அட்டை, தங்கக் கலர். வெட்டி, மடித்து, ஒட்டி, உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டால் ஜோராக இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், குமுளியில், டிசம்பர் வந்தால் நட்சத்திரம் தொங்காத வாசல் கிடையாது.

அங்கே ஹோம்ஸ்டே நடத்துகிற ஒரு மலையாளத்துச் சேச்சி மொத்தமாக வாங்கிப் போனார். பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது. விஷயம் என்னவென்றால், அக்காவின் சாக்கில் கல்யாணப் பத்திரிகைகளோடு ஒரு கருமாதிப் பத்திரிகையும் வந்து சேர்ந்திருக்கிறது. செத்தவர் படம் உள்பக்கமாகப் போனதால் பகலில் ஒன்றும் தெரியவில்லை. பல்பைப் போட்டதும் தெரிந்திருக்கிறது. சேச்சி கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், ரொம்ப அமைதியாகப் பேசினார்.

"ஸ்டார் கொள்ளாம், நல்லா இருக்கு. ஆனா லைட் போட்டா உள்ள இருந்து ஒரு பெரியவர் கண்ணாடி போட்டுக்கிட்டு எங்க கெஸ்ட்டையே பாக்குறாரு."

ஒரு சொட்டு

பால், முட்டை, இறைச்சி எதுவும் தொடாதவர்களை இப்போது வீகன் என்கிறார்கள். என்னிடம் வாங்குகிற வீகன்கள் பெரும்பாலும் தேக்கடிக்குச் சுற்றுலா வருகிறவர்கள். தேங்காய்ப்பால் அல்வாவை நாக்கில் வைத்துக்கொண்டே, "நெய் இல்லைதானே?" என்று ஒன்பது தடவை கேட்பார்கள். தவறிப்போய் ஒரு சொட்டு நெய் விழுந்திருந்தால் மனசு கஷ்டப்படுவார்கள், அவ்வளவுதான். அதுவரைக்கும் நெய் எனக்கு ஒரு கொள்கைப் பிரச்சனை.

ஸ்டெல்லா வந்த பிறகுதான் அது உயிர்ப் பிரச்சனை ஆனது. ஸ்டெல்லா மேகமலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். கிறிஸ்துமஸ் துணி எடுக்கக் கீழே இறங்கியவள், யாரோ சொல்லக் கேட்டு என் வீட்டைத் தேடி வந்திருந்தாள். அவள் மகள் ஜெனி இரண்டாம் வகுப்பு. பால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. ஆகாது என்றால் வயிற்றுவலி, சொறி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை யாரோ ஆசையாகக் கொடுத்த கிரீம் பிஸ்கட்டைத் தின்று, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சே விட முடியாமல் ஆகிவிட்டது. எஸ்டேட் ஜீப்பில் போட்டுச் சின்னமனூருக்கு இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் பிள்ளையின் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாளாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் எஸ்டேட்டில் வரிசையாக இருக்கிற லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஸ்டெல்லா வீட்டில் கூடிக் கேக் வெட்டுவார்களாம். அதற்குப் பால் படாத கேக் வேண்டும். "புள்ள இதுவரைக்கும் கேக்கே தின்னதில்லையா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். முடியாது தாயி, வேறு இடம் பார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது. போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள்.

"ஒரு சொட்டுப் பால் போதும்க்கா. எங்க ஊருல இருந்து ஆஸ்பத்திரிக்கு எறங்குற ரோடு எப்பிடி இருக்கும்னு உங்களுக்கே தெரியுமில்ல."

புது அடுப்பு

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது கிலி. என் வீட்டுப் பாத்திரம் எதிலாவது எப்போதாவது பால் காய்ச்சியிருப்போம், அதனால் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். புதுப் பாத்திரம், புதுக் கரண்டி, அடுப்பு கூடப் புதுசு. ஓடைப்பட்டித் திராட்சையைக் காயவைத்து ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டேன். கருப்பட்டி, வாழைப்பழம், தேங்காய்ப்பால், தேங்காய் எண்ணெய் எல்லாம் எடுத்து வைத்தேன். "அக்கா, யாரு வந்தாலும் இங்கன தொட விடாதீக" என்று சொல்லிவிட்டு மதியம் லுஹர் தொழப் போனேன்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தால் புது அடுப்பு எரிகிறது. புதுப் பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சளும் குங்குமமும். உள்ளேயிருந்து பால் பொங்கி, நுரை தள்ளி, அடுப்பின் மேலெல்லாம் வழிந்துகொண்டிருக்கிறது. முருகேஸ்வரி அக்கா கையைக் கூப்பி நிற்கிறார். அல்லாவே! நான் கத்தின கத்தில் அடுத்த வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அக்கா பொசுக்கென்று கண் கலங்கிவிட்டார். அந்த அடுப்பையும் பாத்திரத்தையும் அப்படியே ஓரம்கட்டினோம். வேறு பாத்திரம் வாங்கி, கொல்லையில் செங்கல் கூட்டி, மணல் பரப்பி, விறகு வைத்து ஒருவழியாகக் கேக்கைச் சுட்டு எடுத்தேன். ஆறுகிறவரைக்கும் பக்கத்திலேயே காவல் இருந்தேன். அக்கா தள்ளி நின்றுகொண்டே சமாதானம் சொன்னார்.

"புது அடுப்புல மொதல்ல பாலுதானத்தா பொங்கணும்? அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதேன்னுதான் ஆத்தா பொங்கவிட்டேன்."

நல்ல டின்

கேக்கை வாழையிலையில் சுற்றி அக்காவிடம் கொடுத்தேன். டின்னில் அடைத்து அலங்காரம் செய்வது அவர் வேலை. காலி டின்களைக் கழுவிக் காயவைத்து, மேலே பத்திரிகை அட்டை ஒட்டி, மூடியில் ஒரு குட்டி நட்சத்திரம் வைப்பார். அதைப் பார்த்தால் கேக் நல்லாயில்லை என்று சொல்லவே மனசு வராது. முந்தின நாள் வாங்கின திட்டுக்குப் பரிகாரமாக இந்த டின்னை இன்னும் அழகாகச் செய்திருந்தார். முழுக்கத் தங்கக் கலர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் சின்னமனூருக்குக் கொண்டுபோய் மேகமலை பஸ்ஸில் கொடுத்துவிட்டு வந்தார்.

எனக்குப் பல நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நிம்மதியாகப் பசித்தது. சாப்பிட உட்கார்ந்தோம். அக்காவைத் திட்டிவிட்டோமே, நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வோம் என்று, "டின்னு ரொம்ப அம்சமா இருந்துச்சுக்கா, எங்க பிடிச்சீக?" என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். இல்லையில்லை, கேட்டதால்தான் இன்றைக்கு இதை எழுத முடிகிறது. அக்கா முகம் மலர்ந்துபோய்ச் சொன்னார்.

"நம்ம எதுத்த வீட்டுக் கைப்புள்ளைக்கு வாங்குன பால் பவுடர் டின்னுத்தா. கழுவிக் காயவச்ச பொறவும் கமகமன்னு எம்புட்டு வாசம்ங்குற!"

காட்டுமாடு

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாள். வாட்ஸப்பில் "டின்னைத் திறக்காதே" என்று அனுப்பினேன், ஒரே ஒரு டிக் விழுந்தது. அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியுமா? கை கழுவக்கூட இல்லை, அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் பிடித்துப் போய்ச் சின்னமனூரில் இறங்கியதும் ஒரு ஜீப் கிடைத்தது. மலை ஏற ஏற எனக்கு அந்த விரல்தான் ஞாபகம், பிள்ளையின் மூக்கில் வைத்த ஸ்டெல்லாவின் விரல். வழியெல்லாம் அக்காவைத் திட்டினேன். திட்ட வார்த்தை தீர்ந்ததும் எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன். அக்கா மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி விடவில்லை.

பாதி மலையில் ஜீப் நின்றது. ரோட்டுக்கு நடுவில் ஒரு காட்டுமாடு, குறுக்கே நின்று நிதானமாக அசைபோடுகிறது. வெயில் சாய ஆரம்பித்துவிட்டது, மேலே பிள்ளைகள் கூடுகிற நேரம். "தம்பி, ஹாரன் அடி, ஒரு புள்ள உயிரு!" என்று டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

"சத்தம் போட்டா நம்ம மூணு உயிரும் போயிரும்க்கா. அதா மனசு வச்சு நகந்தாத்தான் உண்டு."

முதல் கேக்

அது மனசு வைத்தது. லைன் வீட்டு வாசலில் ஜீப் நிற்பதற்குள் குதித்து ஓடினேன். ஒரே அறை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டெல்லா கையில் கத்தி. நடுவில் தங்க டின், மூடி திறந்திருக்கிறது. புது கவுன் போட்ட ஒரு சின்னப் பிள்ளை டின்னின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. "தொடாத! பால் டின்னு! பால் டின்னு!" என்று நான் போட்ட சத்தத்தில் வட்டமே கலைந்தது.

ஸ்டெல்லா கத்தியைக் கீழே போட்டாள். ஜெனியை அள்ளிக்கொண்டு வெளியே குழாயடிக்கு ஓடினாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டாள், முகத்தைக் கழுவினாள், கவுனை உருவிப் போட்டு வேறு மாட்டினாள். பிறகு நாங்கள் மூன்று பெண்களும் ஜெனியைச் சுற்றி உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. உதடு துடித்தால் பயம், துடிக்காவிட்டாலும் பயம். ஒரு தடவை அவள் இருமினாள், அக்கா "ஆத்தா!" என்று அலறிவிட்டார். "எதுக்கு எல்லாரும் என்னையவே பாக்குறீக?" என்று ஜெனிக்குக் கோபம் வந்தது. வெளியே பனிமஞ்சு இறங்கி மூடியது. ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை.

"மன்னிச்சிரு ஸ்டெல்லா, புள்ளையோட மொதக் கேக்கைக் கெடுத்துட்டோம்" என்றேன். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ திங்கிறதுக்கு நான் வாங்கலக்கா. வெளியில செஞ்சது எதையும் அவளுக்குக் குடுக்குறதில்ல, எனக்குத் தைரியம் கெடையாது. வருசா வருசம் மத்த புள்ளைக கேக்கு வெட்டுறப்ப இவளை வெளிய நிப்பாட்டிருவேன். ஒரு துணுக்கு மேல பட்டாலும் ஒண்ணும் ஆகாத கேக்கா இருந்தா, இந்தத் தடவையாச்சும் இவளும் உள்ள உக்காந்து பாக்கலாமேன்னுதான்." அந்தப் பிள்ளை தின்னப்போகிறாள் என்று நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சமைத்தேன், அவளுக்குப் பார்க்கத்தான் கேக் கேட்டிருக்கிறார்கள்.

"உன் இட்லிப் பானையக் குடு" என்றேன். "உன் மாவு, உன் கருப்பட்டி, உன் தேங்கா. என் கை ஒண்ணுதான் வெளியில இருந்து வந்தது, அதையும் உன் சோப்புலயே கழுவிக்கிறேன்." ஸ்டெல்லா பானையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். பிசைந்து, கிண்ணத்தில் ஊற்றி, ஆவியில் வேகவைத்தேன். ஸ்டெல்லா பக்கத்தை விட்டு நகரவில்லை. அதற்குள் அக்கா தங்க டின்னோடு மற்ற பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்விட்டார். இந்தத் தடவை வெளியே நின்று தின்றது அவர்கள்தான். தின்று முடித்ததும் அக்கா ஒவ்வொரு கையையும் வாயையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார். எல்லாரும் மறுபடி வட்டமாக உட்கார்ந்தார்கள்.

ஜெனி கேக்கை வெட்டினாள். மேலே கொஞ்சம் வெடித்திருந்தது, கருப்பட்டி நிறத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஸ்டெல்லா ஒரு துண்டை எடுத்து ஊட்டிவிட்டு, பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். ஜெனி மென்றாள், விழுங்கினாள். அவள் இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக யோசித்து, அம்மாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"இதுக்காம்மா இத்தன வருசமா என்னைய வெளிய நிப்பாட்டுன?"

பால் இல்லாமல், நெய் இல்லாமல், முட்டை இல்லாமல் எதை வேண்டுமானாலும் செய்துவிடுகிறேன், பயம் சேர்க்காமல் செய்கிற பக்குவம் மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை.