நாற்பத்திரண்டாவது ஊசி

நாடகக் குழுவில் அவளுடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. எண்ணிக்கை அக்கா என்றால்தான் தெரியும். முப்பது வருஷமாகத் தலை அலங்காரம் செய்கிறவள். கொண்டை ஊசியை எண்ணித்தான் குத்துவாள், எண்ணித்தான் எடுப்பாள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் சீப்பு முனையால் முழங்கையில் ஒரு குத்து விழும்.

பட்டப்பெயர் வைத்தவர்களுக்குக் காரணம் பாதிதான் தெரியும். நடிகையின் தலையில் ஊசி தங்கிவிடக் கூடாது என்பது அந்தப் பாதி. மற்றப் பாதி அவளுடைய அம்மா. அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் மறதி ஆரம்பித்தது. மூக்குக்கண்ணாடியை உப்பு ஜாடிக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் கூடச் சிரித்தாள். நாலு வருஷம் கழித்துப் பெற்ற மகளைப் பார்த்து, "நீங்க யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அக்காவுக்கு இப்போது ஐம்பத்துநாலு. எண்ணிக்கை சரியாக வருகிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு வாய்தா கிடைத்த மாதிரி.

இந்த முறை வந்தது பழைய காவியம் ஒன்றின் அரசி. அவள் கூந்தலைப் பற்றிக் காவியத்தில் இருப்பதே ஒன்றரை வரி. ஐந்து சுற்றுக் கொண்டை, பூவும் இல்லை, பொன்னும் இல்லை. அந்த ஒன்றரை வரியை வைத்துக்கொண்டு அக்கா ஒன்றரை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். நூலகத்தில் பழைய சிற்பங்களின் படங்களைப் பார்த்தால், எல்லாப் பெண்களின் பின்மண்டையும் சுவருக்குள் இருந்தது. சிற்பிகளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் பின்பக்கத்தைத் தானே யோசித்துச் செய்தாள். உள்ளே ஒரு துணி உருளை, அதன்மேல் சவுரி சேர்த்துத் திரித்த ஐந்து சுற்று, எல்லாம் நிற்பதற்கு நாற்பத்திரண்டு ஊசி.

அவளுடைய ஊசிகளின் முனையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு இருக்கும். எந்த முடிக்குள் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். விளக்கைப் போட்டுப் பார்த்த இயக்குநர், அரசி தலையில் மூட்டைப்பூச்சி ஊர்கிறதா என்று கேட்டார். பிறகு சிரிக்காமல், அந்தக் காலத்தில் ஏது இரும்பு ஊசி, ஒன்றுகூடத் தெரியக் கூடாது என்றார். அக்கா பொட்டுகளையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு ஒவ்வொரு ஊசிக்கும் கறுப்பு நூல் சுற்றினாள். கொண்டையில் இருக்கும்போது அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் அவளுக்குப் பெருமை வேறு.

முதல் நாள் பகல் காட்சி. கடைசிக் கட்டத்தில் மகன் செத்த செய்தி கேட்டு அரசி மரத்தரையில் மல்லாக்க விழ வேண்டும். நடிகை சும்மா சாய்கிறவள் இல்லை, வெட்டிய மரம் மாதிரி விழுவாள். ஊசி மண்டையில் இறங்கிவிடாமல் இருக்க, அதற்கு முன்னால் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் அக்கா கொண்டையைப் பிரித்து, உருளையையும் சவுரியையும் எடுத்துவிட்டு, சொந்த முடியைத் தளர்வாக முடிந்துவிட்டாள். தட்டில் கிடந்த ஊசிகளை எண்ணினாள். நாற்பத்தொன்று.

இன்னொரு முறை எண்ணினாள். அதே நாற்பத்தொன்று.

உருளையை உதறினாள், சவுரியை உருவிப் பார்த்தாள், விரல்களை முடிக்குள் விட்டுத் துழாவினாள். அடர்ந்த முடி, நூல் சுற்றிய ஊசி, எது எது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. நடிகை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் காட்சிக்கு முன் அவளிடம் யாரும் பேசக் கூடாது என்பது குழுவின் சட்டம். மணி அடித்தது. அவள் எழுந்து போய்விட்டாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பயந்து பயந்து விழுவாள், காட்சி கெடும் என்று நினைத்ததில் வாய் கட்டிப்போயிற்று. முன்பு வேறொரு குழுவில் ஒரு பெண்ணின் காதுக்குப் பின்னால் ஊசி இறங்கியதை அக்கா பார்த்திருக்கிறாள். திரை ஓரத்தில் நின்றபடி பெட்டியைத் திறந்து எண்ணினாள். ஐம்பது ஊசிப் பெட்டியில் மிச்சம் எட்டுதான். அப்படியானால் நாற்பத்திரண்டும் ஏறியிருக்கிறது. குறைகிற ஒன்று அந்தத் தலையில் இருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். தலையில் இல்லையென்றால் வேறு எங்கே என்ற நினைப்பை மட்டும் கிட்டவே விடவில்லை.

நடிகை விழுந்தாள். மந்திரி நீளமாகப் புலம்பி முடிக்கும்வரை அரசி அசையாமல் கிடந்தாள், அப்படித்தான் கிடக்க வேண்டும். அக்கா தரையில் ரத்தம் தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை விழுந்ததும் ஓடிப்போய் மண்டியிட்டு, நடிகையின் பின்மண்டைக்குக் கீழே கையை விட்டாள். கை ஈரமாகவில்லை.

நடிகை கண்ணைத் திறந்தாள். "என்னக்கா தேடுறீங்க?"

"ஒரு ஊசி குறையுதும்மா."

அவள் படுத்தபடியே சிரித்தாள். இடுப்பு மடிப்பிலிருந்து கறுப்பு நூல் சுற்றிய ஊசி ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதுவா? முதல் காட்சிக்கு முன்னாடி காதுக்கு மேல குத்துதுன்னு சொன்னேன். நீங்கதானே எடுத்து என் கையில குடுத்தீங்க. பத்திரமா வச்சிரு, இல்லன்னா கணக்கு உதைக்கும்னு கூடச் சொன்னீங்களே."

அக்கா அந்த நிமிஷத்தைத் தேடினாள். காது, குத்தல், நீட்டிய கை, தன் வாயிலிருந்து வந்த வார்த்தை. ஒன்றும் அகப்படவில்லை. எண்ணிக்கை அக்காவுக்கே எண்ணிக்கை தப்பிப்போச்சு என்று மந்திரி தாடியைக் கழற்றிக்கொண்டே சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். சிரிக்கும்போதே உப்பு ஜாடி ஞாபகம் வந்தது.

ஒப்பனை அறையில் நடிகையின் முடிச்சை அவிழ்த்துச் சீவிவிட்டாள். வழக்கமாக அப்போது பேசமாட்டாள், இன்றைக்குப் பேசினாள்.

"நாளையிலேர்ந்து நான் ஊசி குத்தும்போது நீயும் எண்ணிக்கிட்டே வாம்மா. வாய்விட்டு எண்ணு."

"ஏன்க்கா?" என்று நடிகை கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

முப்பது வருஷத்தில் யாரிடமும் அவள் அப்படிச் சொன்னதில்லை. சொன்னதாக ஞாபகம் இல்லை.