மீன்காரர் வீட்டுக் கரப்பான்

சுனாமிக்கு மறுவருடம் பிறந்தவள் என் மகள் ஜெனி. ஆறு மாதத்தில் கன்னம் இரண்டும் சிவந்தன. முத்தம் கொடுத்தே சிவக்க வைத்துவிட்டோம் என்று கேலி பேசினோம். பிறகு முழங்கை மடிப்பிலும் தோல் தடித்து, சொறியச் சொறிய நீர் வடிந்தது.

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. இது கரப்பான் என்கிற தோல் நோய் என்று ஊரே தீர்ப்புச் சொன்னது. மீன் ஆகாது, வாடைகூடப் படக்கூடாது. என் கணவரோ கரையில் மீன் ஏலம் எடுத்து, மொபெட்டில் அருமனை வரை கொண்டுபோய் விற்பவர். அவரை என்ன செய்வது?

அவரே விலகிக்கொண்டார். இரண்டு தடவை குளித்தாலும் பிள்ளையைத் தூக்கமாட்டார். அவள் கையை நீட்டிக்கொண்டு வந்தால், "அங்கன நில்லு மக்களே, அப்பாக்க மேலெல்லாம் மீனு" என்று பின்னால் நகர்வார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி. ஊர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மீனை நிறுத்தியும் அரிப்பு நிற்கவில்லை. பிள்ளை மெலிந்ததுதான் மிச்சம்.

நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அட்டோபிக் டெர்மடைட்டிஸ் (தோல் வறண்டு, அழன்று அரிக்கும் நாள்பட்ட நோய், தொற்றாது) என்றார் அந்த அம்மா.

"மீனு தின்னதுனால தானே டாக்டர்?"

"மீன் குடுத்ததும் உடம்பு தடிச்சுதா? வாந்தி எடுத்தாளா?"

"இல்ல."

"அப்போ எதுக்கு நிறுத்தினீங்க?"

உணவே தோலைக் கெடுக்கிறது என்றுதான் முன்பு பலரும் நினைத்தார்களாம். இப்போது ஆராய்ச்சி தோலின் பக்கம் திரும்பியிருக்கிறது. மேலடுக்கு பலவீனமாக இருப்பதால் ஈரம் வெளியே போகிறது, ஒவ்வாதவை உள்ளே நுழைகின்றன. சில பிள்ளைகளுக்கு உணவும் தூண்டும். ஆனால் சோதிக்காமல் நிறுத்தினால் வளர்ச்சி கெடும். சிலருக்கு வளர்ந்ததும் போய்விடுகிறதே, ஏன் என்று கேட்டேன்.

"அது எங்களுக்கே இன்னும் சரியா தெரியாதும்மா."

அதுவரை எங்களிடம் தெரியாது என்று யாரும் சொன்னதில்லை. அதனாலேயே அவரை நம்பினேன். ஸ்டீராய்டு களிம்பு (அழற்சியைத் தணிப்பது) சொன்ன நாட்களுக்கு மட்டும். குளித்த ஈரம் காயும் முன்பு ஈரம் காக்கும் களிம்பு, தினமும்.

பிறகு கதவோரம் பார்த்தார். "நீங்க எதுக்கு அங்கயே நிக்கிறீங்க?"

"மீன் கச்சவடம், டாக்டர், மீனு விக்கிற ஆளு" என்றார் என் கணவர், தலையைக் குனிந்துகொண்டு.

"அதுக்கென்ன? கையை நல்லா கழுவிட்டு நீங்களே பூசி விடுங்க."

அன்று சாயங்காலம் அவர் மூன்று தடவை கை கழுவிவிட்டு வந்து பூசினார். பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

நோய் போய்விடவில்லை. பனிக்காலத்தில் வரும், பரீட்சைக்கு முன்னால் வரும். குணமாகும் நாளை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன். சொறியாமல் தூங்கினாளா, அந்த இரவு நல்ல இரவு. இதே நோயோடு இருக்கும் வீட்டாருக்கு ஒன்று சொல்வேன்: எதை நிறுத்தினாலும் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள், பிள்ளையைத் தொடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஜெனிக்குப் பத்து வயதாகிறது. களிம்பை அவளே பூசிக்கொள்கிறாள். பின்கழுத்துக்கு மட்டும் அப்பாவைக் கூப்பிடுவாள், கை எட்டவில்லையாம். நன்றாகவே எட்டும்.