கப்பலைத் துருப்பிடிக்க வைத்த கதை

மாதிரிக் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தே முதுகு வளைந்தவர்களே, நம் தொழிலில் அடிக்கிற நேரம் கொஞ்சம், காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டு உட்காருகிற நேரம்தான் அதிகம். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. அப்படிப்பட்டவன் அறுபதுகளில் கடல் தாண்டி இருக்கும் இந்தத் துறைமுக ஊரில், டன்லப் ஸ்திரீட் மாடிப் பட்டறை ஒன்றில் இந்தப் பிழைப்பில் வந்து மாட்டிக்கொண்டேன்.

உரிந்த புகைபோக்கி

அக்ரிலிக் பெயிண்ட் அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தது. தண்ணீரில் கலக்கலாம், ஒரு தேத்தண்ணி குடிப்பதற்குள் காய்ந்துவிடும். எனக்கென்றே செய்த சாமான்! ஏற்கெனவே ஆயில் பெயிண்ட் அடித்திருந்த ஒரு மாதிரிக் கப்பலின் புகைபோக்கி மேல் அதை ஒரு இழுப்பு இழுத்தேன். மூன்றாம் நாள் பாலாடை மாதிரி சுருண்டு எழுந்தது. அக்ரிலிக் அடியில், ஆயில் மேலே. மாற்றி அடித்தால் ஒட்டாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பட்டறையில் தச்சு வேலை பார்த்த சீனர் ஆ செங், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார், கடைசியில் அவர்கள் பேச்சின் 'லா' மட்டும் ஒட்டிக்கொள்ளும். திட்டவில்லை மகராசன். பக்கத்தில் உட்கார்ந்து உரிந்ததை முழுக்கத் தேய்த்து எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, கப்பலுக்கு அம்மை போட்டிருக்கு லா. போய் வேப்பிலை வாங்கிட்டு வாங்க!"

காதர் பாயின் கோபம்

காதர் பாய் ஒரு சரக்குக் கப்பலில் டெக் என்கிற மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. ஓய்வு பெற்று, சனிக்கிழமை சொந்த ஊரான நாகப்பட்டினத்துக்குப் புறப்படுகிறார். அவர் வேலை பார்த்த கப்பலையே சின்னதாகச் செய்து பிரிவுப் பரிசாகக் கொடுக்க அவருடைய ஆட்கள் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். இந்த முறை ஒழுங்காக அக்ரிலிக் அடித்து, காயவிட்டு, வியாழக்கிழமை காலையில் பழுப்பு ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் கரைத்து, துரு வழிந்த மாதிரி மேலே இழுத்துவிட்டேன். அசல் கிழட்டுக் கப்பல்! எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

பரிசு தயாராகிற விஷயம் காதில் விழுந்து, மத்தியானம் பாயே படியேறி வந்துவிட்டார். பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. "இருபது வருஷமா சுத்தியலால தட்டித் தட்டி இதுல துரு அண்டாம வச்சிருந்தேன். இத நான் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் தம்பி!"

டர்பன்டைன் துணி

பரிசே வேண்டாமென்று அவர் ஊருக்குப் போய்விட்டால், ஆசையாகச் செய்யச் சொன்ன அந்த ஆட்களின் முகத்தில் எப்படி விழிப்பேன்? நல்லவேளை, ஆயில் இன்னும் ஈரமாக இருந்தது. துணியில் டர்பன்டைனைத் தொட்டு மெதுவாகத் துடைத்தேன். துரு கையோடு வந்தது. அடியில் காய்ந்திருந்த அக்ரிலிக் அசையவே இல்லை. கடவுளே, உனக்குக் கோடி கும்பிடு!

என் வேகம் போதாதென்று பாய் இன்னொரு துணியைப் பிடுங்கி மறுபக்கத்தைத் தாமே துடைத்தார். கடைசியில் நங்கூரம் இறங்கும் ஓட்டைக்குக் கீழே ஒரே ஒரு கோடு பாக்கி. நான் துணியைக் கொண்டுபோனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும் தம்பி. அந்த எடத்துத் துரு மட்டும் எனக்குக் கடைசிவரைக்கும் அடங்கவே இல்ல." சனிக்கிழமை அந்தக் கோட்டோடு கப்பலைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

பாடுபட்டு அடித்ததையெல்லாம் துடைத்துப் போட்ட மனிதருக்கு இன்றுவரை மனதார நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால், நம் தொழில் எப்படிப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.