டிரம்முக்கு வயது பார்த்தது

எங்கள் குடும்பத்தில் ஒரு டிரம் செட்டின் வயது தெரியாததால் அண்ணனும் தம்பியும் ஐந்து வருடம் பேசாமல் இருந்தார்கள். அண்ணன் என் பெரியப்பா. தம்பி என் அப்பா. ராஜபாளையத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருதான்.

தாத்தா இறந்தபோது எனக்கு நான்கு வயது. துக்கம் நடந்த வீட்டில் தலை திவசம் முடிகிற வரை ஒரு வருடத்துக்குக் கொட்டுமேளம் ஆகாது, பண்டிகை ஆகாது, ரேடியோவைக்கூடத் துணிபோட்டு மூடிவைப்பார்கள். அப்பாவோ பகலில் பஞ்சு மூட்டைக் கிட்டங்கியில் கணக்கெழுதிவிட்டுச் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப்போய் மெல்லிசைக் குழுவில் டிரம் வாசிக்கிறவர். திவசம் முடிந்த மறு மாதமே ஒரு கோயில் கச்சேரியில் அவர் சொந்த டிரம் செட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பெரியப்பா பார்த்துவிட்டார். துக்க வருடத்திலேயே வாங்கியிருக்கிறான் என்பது பெரியப்பாவின் கட்சி. இல்லை, அப்பா உயிரோடு இருக்கும்போதே வாங்கியது, அவருக்குப் பயந்து குழுவின் ரூமில் வைத்திருந்தேன் என்பது என் அப்பாவின் கட்சி. ரசீது கிடையாது. "அப்பன் செத்த வருசத்துல மேளம் வாங்குனவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்" என்று பெரியப்பா சொன்னதோடு போக்குவரத்து நின்றது.

பெரியவர்களின் ரோஷத்துக்குச் சின்னப் பிள்ளைகள் கட்டுப்படவில்லை. பெரியப்பா மகளான அக்காவின் மடியில் கிடந்துதான் நான் வளர்ந்தேன். எனக்குப் பத்து வயதானபோது அவளுக்குச் சேத்தூரில் மாப்பிள்ளை பார்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. ஊருக்கெல்லாம் பத்திரிகை போயிற்று, எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்கா பள்ளிக்கூட வாசலில் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சித்தப்பா இல்லாம மணவறையில எப்படிட்டி உக்காருவேன்?" என்றாள்.

அந்த வாரம்தான், தோல் கிழிந்த ஒரு சின்ன டிரம்மை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிழிந்த தோலைக் கழற்றிவிட்டுப் புதுத்தோல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். நான் சும்மா இருப்பேனா? இரண்டு பக்கமும் திறந்து கிடந்த அந்தக் கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். உள்சுவரில் பூச்சி அரித்த காகிதச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஏதோ கம்பெனி பெயர், அதன் கீழே ரப்பர் முத்திரையில் ஒரு வருடம். விரல் விட்டு எண்ணினேன். நான் பிறப்பதற்கு ஆறு வருடம் முந்தையது! தாத்தா அப்போது உயிரோடு, அதுவும் நல்ல திடமாக இருந்திருப்பார். அப்பா சொன்னது உண்மை. ஐந்து வருடச் சண்டைக்கு ஒரே கழித்தலில் தீர்ப்புச் சொல்லிவிட்ட கர்வம் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

டிரம் கூட்டை ஒயர் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இரண்டு தெருவையும் ஓட்டமாகக் கடந்தேன். பெரியப்பா மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்கப்பன் குடுத்துவிட்டானா?"

"இல்ல பெரியப்பா. அவியளுக்குத் தெரியாது. இதுல வருசம் போட்டிருக்கு, பாருங்க. தாத்தா இருக்கும்போதே வந்த டிரம்மு."

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். வேட்டி நுனியால் சீட்டைத் துடைத்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து, வெளியே இருந்த நட்டில் பொருத்திப் பார்த்தார். "இஞ்சுக் கணக்கு நட்டு. இப்ப வாரதெல்லாம் மில்லிமீட்டர்ல வருது. பழசுதான்" என்றார். எனக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது. அவரோ டார்ச்சை அணைக்காமல் கூட்டுக்குள்ளேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகு பெரியப்பா சட்டையை மாட்டினார். கூடையை அவரே தூக்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டு வாசலில் அவரைக் கண்டதும் அப்பா எழுந்து நின்றார். கையில் புதுத்தோல் இருந்தது. பெரியப்பா கூடையை அவர் முன்னால் இறக்கிவைத்தார்.

"ஏலே, வருசத்தப் பாத்துட்டேன். நான்தான் தப்பா நெனச்சுட்டேன். கல்யாணத்துக்கு நாலு நாளு முன்னாடியே வந்துரு, அம்புட்டு வேலையும் அப்படியே கெடக்கு."

ஜெயித்தவர் சிரிப்பார் என்று நான் காத்திருந்தேன். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பெரியப்பா அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு பாடுபட்டு நிரூபித்திருக்கிறேன், ஒருவராவது என்னைத் திரும்பிப் பார்க்கிறார்களா!

பெரியப்பா காலமாகி, தொண்ணூறுகளில் அவருடைய தலை திவசம் முடிந்த அன்று அப்பா தானாகவே என்னிடம் சொன்னார். தாத்தா போன எட்டாவது மாதம், மதுரையில் ஒருவர் வாசித்துக் கழித்த பழைய செட்டை அவர் வாங்கியிருக்கிறார். ஆசையை அடக்க முடியவில்லையாம். டிரம் செய்த வருடம் வேறு, அது கை மாறிய வருடம் வேறு என்பது என் பத்து வயதுக்குத் தோன்றவில்லை. ஆனால் பெரியப்பாவின் பிழைப்பே அதுதான். வேறு ஊர் மில்களில் இருபது, முப்பது வருடம் ஓடித் தேய்ந்த மெஷின்களைப் போய்ப் பார்த்து வாங்கிவந்து, ராஜபாளையத்தில் பூட்டி ஓடவிடுகிறவர் அவர்.

"அப்ப பெரியப்பாவுக்கு?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும்ட்டி. தப்புப் பண்ணுனவன் நானு. அண்ணன் வந்து, தான் தப்புன்னு சொல்லுதாரு. நான் எந்த வாயால மறுத்துப் பேச?"

இது எதுவும் தெரியாமல் அக்கா கல்யாணத்தில் நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு மண்டபம் முழுக்கச் சுற்றி, பெரியப்பாவுக்குக் கழித்தல் கணக்கே தெரியாது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த பெரியப்பா என் பக்கத்தில் வரும்போதெல்லாம், "ஆமா, இவதான் சொல்லிக் குடுத்தா" என்று அவர்களிடம் தலையாட்டிவிட்டுப் போனார்.