தொடுகோட்டுக்குக் காரணம் கேட்டவள்

எங்கள் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு பங்கீடு நடக்கும். நன்கு படிப்பவர் தலைவியர் ஆவர். தேறாதவர் ‘மெல்லக் கற்போர்’ என்னும் பெயரில் அவர்களுக்கு ஒப்படைக்கப்படுவர். தன் பங்குக்கு வந்தவள் திங்கட்கிழமைத் தேர்வில் தவறினால் தலைவியும் அவளருகே முழந்தாளிட வேண்டும். இம்முறையை வகுத்தவர் கணக்காசிரியை. பள்ளியின் முழுத் தேர்ச்சி இதனால்தான் நிலைக்கிறது என்று தலைமையாசிரியை ஆண்டுவிழாதோறும் பெருமிதத்துடன் கூறுவார். முழங்கால்களைப் பற்றி அவர் ஒருபோதும் பேசியதில்லை.

நான் அங்கே தமிழாசிரியை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில் கண்டதை எழுதுகிறேன்.

அவ்வாண்டின் முதல் தலைவி, பட்டுக்கடை மேலாளர் ஒருவரின் மகள். கணக்கைப் படித்தாள் என்று அவளைப் பற்றிச் சொன்னால் அது குறைந்த சொல். உணவு இடைவேளையில் தோழியர் ஊறுகாய்க்கு அடித்துக்கொள்ளும்போது அவள் சோற்றுப் பாத்திரத்தின் மூடிமேல் தாளை வைத்து எதையாவது போட்டுப் பார்ப்பாள். தீர்த்த கணக்கையே வேறொரு வழியில் மீண்டும் தீர்ப்பாள். இரு வழியும் ஒரே விடையில் வந்து நின்றால் தனக்குள் சிரித்துக்கொள்வாள். பதினோராம் வகுப்பில் கணக்குப் பிரிவு என்பதைத் தவிர வேறெதையும் அவள் விரும்பியதாகத் தெரியவில்லை.

அவள் பங்குக்கு வந்தவள் தாமல் என்னும் ஊரிலிருந்து பேருந்தில் வரும் உழவர் வீட்டுப் பெண். அறிவில் குறையில்லை, எழுதும் வேகத்தில்தான் குறை. கடைசி வினாக்களை எட்டுமுன் மணி அடித்துவிடும். மெல்லக் கற்போருக்கென்றே கணக்காசிரியை ஒரு மெலிந்த கையேடு வைத்திருந்தார். தேர்ச்சிக்குப் போதுமான சில கணக்குகள் மட்டுமே அதில் இருந்தன. அவற்றின் படிகளை ஏன் என்று கேளாமல் நெட்டுருப் போட வேண்டும்.

இருவரும் உணவு வேளையில் என் வகுப்பறையின் கடைசி இருக்கையில் அமர்ந்து படித்தனர். நான் அங்கேயே விடைத்தாள் திருத்துவேன். ஒரு நாள் தாமல் பெண்ணின் குரல் கேட்டது. வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரையும் கணக்கு அது.

"இன்னாத்துக்குப்பா நடுவுல இன்னொரு வட்டம் போடறோம்?"

"அது அப்படித்தான். மனப்பாடம் பண்ணு."

"பண்றேன். ஆனா ரெண்டு வட்டமும் வெட்டற எடத்துக்குக் கோடு போட்டா, கரெக்டா தொட்டுக்கினு நிக்குது பாரு. ஒரு வாட்டியாவது தப்பணும்ல?"

தலைவியின் கை நின்றது. அந்த வகுப்பில் எவளும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. விடையை அவள் சொல்லிவிடவில்லை. வட்ட மையத்தை அந்தப் புள்ளியோடு இணைத்துக் காட்டி, "நீயே கண்டுபுடி" என்றாள். அந்த வாரம் முழுதும் கையேடு மூடியே கிடந்தது. கவராயத்தை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டு இருவரும் வரைந்தனர்.

"ஐய, அரைவட்டத்துல மூலைய எங்க வச்சாலும் செங்கோணம்தானா? எல்லா எடத்துலயுமா?"

"எல்லா எடத்துலயும்."

"யாருபா இப்படி வச்சது?"

தலைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவளும் சிரித்தாள். நான் பேனாவை மூடிவிட்டு அவர்களையே பார்த்திருந்தேன்.

திங்கட்கிழமைத் தேர்வில் தாமல் பெண் தொடுகோட்டை வரைந்தாள். அத்துடன் விட்டிருக்கலாம். அது ஏன் தொடுகோடு என்பதை, எவரும் கேளாதபோதும், ஒரு பக்கம் முழுவதும் நிறுவிக்காட்டினாள். மற்ற வினாக்களுக்கு நேரமில்லை. தவறிப்போனாள்.

கணக்காசிரியை அந்தப் பக்கத்தை வகுப்பின்முன் உரக்கப் படித்தார். "‘நிறுவல்’னு தலைப்பு வேற. பாஸ் பண்ண வக்கில்ல, காரணம் சொல்ல வந்துட்டாங்க. தாமல்லேர்ந்து ஒரு மேதை வந்திருக்காங்க, எல்லாரும் கை தட்டுங்க."

வகுப்பே கை தட்டியது. தட்டாதிருந்த தலைவியைப் பார்த்து, "நீயும் தட்டும்மா, உன் ஸ்டூடண்ட்தான" என்றார். அவளும் தட்டினாள்.

பிறகு இருவரும் தாழ்வாரத்தில் முழந்தாளிட்டனர். தலைவிக்கு அது வாழ்நாளில் முதன்முறை. குடிநீர்க் குழாய்க்குச் சென்ற ஏழாம் வகுப்புச் சிறுமியர், "அக்கா, நூத்துக்கு நூறாக்கா?" என்று கேட்டுவிட்டு ஓடினர். கணக்காசிரியை வெளியே வந்து தலைவியிடம் குனிந்து, "இவ இன்னொரு வாட்டி ஃபெயிலானா பதினொண்ணாவதுல கணக்கு குரூப் உனக்கு இல்ல. நான் சொன்னா ஹெச்.எம். தட்டமாட்டாங்க" என்றார்.

ஆசிரியர் அறையில் நான் அவரிடம் பேசினேன். அந்தப் பெண் எழுதியது பிழையில்லையே, அதைப் பாராட்டியிருக்க வேண்டாமா என்றேன். "தமிழம்மா, உங்க பாடத்துல யாராவது ஃபெயிலாகி நான் பாத்ததில்ல. ஆகட்டும், அப்பறம் வந்து பேசுங்க" என்றார். சுற்றிலும் இருந்தவர்கள் தேநீர்க் குவளைக்குள் சிரித்தனர்.

மறுநாள் முதல் கடைசி இருக்கையில் மரத்தாலான அளவுகோல் ஒன்று இடம்பெற்றது.

"இங்க ஏன் மைனஸ் வருது?"

அளவுகோல் விரல்முட்டியில் விழுந்தது. தாமல் பெண் அதை விளையாட்டென்று எண்ணிச் சிரித்தாள். அடுத்த ‘ஏன்’ என்ற சொல்லுக்கு அது ஓரத்தால் விழுந்தது.

"வலிக்குதுபா."

"வலிக்கட்டும். என் முட்டி வலிக்கலயா? படிய சொல்லு."

நான் அளவுகோலைப் பறித்து வைத்துக்கொண்டேன். மறுநாள் அவர்கள் என் அறைக்கு வரவில்லை. மிதிவண்டிக் கொட்டகைக்கு இடம் மாறியிருந்தனர். தாமல் பெண் கேட்பதை நிறுத்தினாள், திங்கள்தோறும் தேறினாள். தலைவி ஒரு கணக்கை இரு வழியில் தீர்ப்பதை விட்டுவிட்டாள். ஆயினும் என் தமிழ் வகுப்பில் தாமல் பெண்ணின் புத்தக ஓரங்கள் அரைவட்டங்களால் நிறைந்துகொண்டே வந்தன. ஒவ்வொன்றினுள்ளும் புதிதாய் ஒரு முக்கோணம். நான் அருகே சென்றால் முழங்கையால் மறைத்துக்கொள்வாள்.

அரசுத் தேர்வில் பள்ளி முழுத் தேர்ச்சி பெற்றது. தலைவிக்குக் கணக்கில் நூறு. தாமல் பெண் வெறுமனே தேறவில்லை. எவரும் எதிர்பாராத அளவுக்கு எடுத்திருந்தாள். சேர்க்கை நாளில் தாயுடன் வந்து, கணக்குப் பிரிவு வேண்டும் என்றாள். அதில் ஓரிடம் எஞ்சியிருந்தது. தலைமையாசிரியைக்கு அருகே கணக்காசிரியை. சான்றிதழ்களைச் சரிபார்க்க நான். முதல் மதிப்பெண் பெற்றவள் என்பதால் பெற்றோருக்கு வழிகாட்டத் தலைவியையும் மேசையோரம் அமர்த்தியிருந்தனர்.

தலைமையாசிரியை மதிப்பெண்ணைப் பார்த்தும், மெல்லக் கற்போரில் இருந்தவள் என்று தயங்கினார். "இவள் கற்பாள், நான் கண்டிருக்கிறேன்" என்றேன்.

"நீங்க தமிழ்மா" என்று புன்னகைத்துவிட்டு அவர் தலைவியின் பக்கம் திரும்பினார். "நீதான இவளுக்குச் சொல்லிக் குடுத்த? ப்ளஸ் ஒன் கணக்கு தாங்குவாளா?"

தாமல் பெண்ணின் முகத்தில் நம்பிக்கை வெளிப்படையாகத் தெரிந்தது. அரைவட்டத்தைத் தனக்குக் காட்டியவளிடம் அல்லவா கேள்வி போயிருக்கிறது.

தலைவி கணக்காசிரியையை ஒருமுறை பார்த்தாள். "தாங்கமாட்டா மிஸ். ஒவ்வொண்ணுக்கும் ஏன் ஏன்னு நின்னுக்குவா. டைமுக்கு முடிக்கமாட்டா."

"தையல் குரூப்ல போடுங்க. பொம்பளப் புள்ளைக்கு அதான் கைக்கு உதவும்" என்றார் கணக்காசிரியை. தலைமையாசிரியை அவ்வாறே எழுதினார்.

தாய்க்குப் பிரிவுகளின் வேறுபாடு விளங்கவில்லை. மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்பதே அவருக்கு விளங்கியது. பையிலிருந்து அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துத் தலைவியின் கையில் திணித்தார். "நீ இல்லன்னா இது பத்தாவதே தாண்டியிருக்காதும்மா. நல்லா இருக்கணும் நீ." பிறகு மகளின் தோளை இடித்தார். "இன்னாடி மரம் மாதிரி நிக்கற? அந்தப் பொண்ணுக்கு தேங்க்ஸ் சொல்லு."

மகள் மேசைமேல் கிடந்த சான்றிதழ்களை எடுத்து அடுக்கினாள்.

"சொல்லுடி, எல்லாரும் பாக்கறாங்கோ."

"தேங்க்ஸ்பா" என்றாள் தாமல் பெண்.

தலைவி தலையசைத்துப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். தலைமையாசிரியை அடுத்தவரை உள்ளே வரச்சொன்னார்.